பரிசுப் பெட்டியைக் கொளுத்திப் பார்த்த சிஸ்டர்

இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக் கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்து, சாத்தூரில் ஒரு சேவுக் கடை முன்னால் நின்றிருந்தேன். ஞானசுந்தரி சிஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த நேரம். முந்தின நாள் போனில் பேசும்போது, வருகிற வழியில் காரமில்லாத சேவு வாங்கி வரச் சொல்லியிருந்தார். சாத்தூரில் வந்து காரமில்லாத சேவு கேட்டால் கடைக்காரர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று நான் சொன்னதற்கு, எப்படி வேண்டுமானாலும் பார்க்கட்டும், பொட்டலம் வந்தால் போதும் என்றார். அந்தப் பொட்டலம் கைக்கு வந்த நேரத்தில் அந்தோணியின் அழைப்பு வந்தது. எங்கள் சோதனைக் களத்தில் பட்டாசுகளைக் கொளுத்திப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. நாள் முழுக்க வெடிச்சத்தத்தில் நின்றாலும் குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். "சிஸ்டர் போயிட்டாகண்ணே" என்றார். எந்த சிஸ்டர் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு சிஸ்டர்தான் இருந்தார்.

விருதுநகரில் அவர் வீட்டுக்குப் போனபோது சேவுப் பொட்டலம் இன்னும் என் கையிலேயே இருந்தது. அவருடைய தங்கை அதை வாங்கிக்கொண்டு, கடுங்காப்பியோடு வந்தவர்களுக்குத் தட்டில் எடுத்து வைத்தார். சிஸ்டரால் எழுந்து உட்கார முடிந்திருந்தால், மண்டிக்காரர் வாங்கி வந்தது, எடை சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள் என்று சொல்லியிருப்பார். பல வருஷமாக அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெயர் அதுதான். என் அப்பா விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தார் என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு நான் வேறு எந்தத் தகுதியும் சம்பாதிக்கவில்லை.

நம் மையத்தின் செய்தி மடலில் இதை வாசிக்கிற ஆலைக்காரர்கள், போர்மேன்கள், பழைய ஊழியர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சில வார்த்தைகள். நம் தர மையம் அரசாங்க அலுவலகம் அல்ல. உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் அரசாங்கத்தின் வேலை. பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள் தாங்களாக முன்வந்து கடைப்பிடிக்கிற பாதுகாப்பு விதிகளை எழுதுவதும், கடைப்பிடிக்கிறவர்களுக்கு ஒரு வட்ட முத்திரை கொடுப்பதும்தான் நம் வேலை. லாபம் பங்கு போட இங்கே யாரும் கிடையாது. ஆனால் அலுவலக வாடகை கட்ட வேண்டும், ஆய்வுக்குப் போகிறவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சோதனைக் கருவி வாங்க வேண்டும். அதற்கான வருமானம், நாம் யாரைச் சோதிக்கிறோமோ அவர்களிடமிருந்தே வர வேண்டும். இந்தச் சிக்கலைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசி வரை கீழே போடாமல் நடந்தவர் ஞானசுந்தரி சிஸ்டர். தீக்காயப் பிரிவில் நர்ஸாக இருந்துவிட்டு நம் மையத்தின் செயலாளராக வந்தவர்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் ஆர்டர் பிடிக்கும் வேலையில் இருந்த என்னை, மையத்தின் வருமானத்தைப் பெருக்குவதற்கென்று நிர்வாகக் குழு அழைத்திருந்தது. நேர்காணலில் குழுவினர் எல்லோரும் இத்தனை வருஷத்தில் எவ்வளவு விற்றேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் மட்டும், காலண்டரில் ஒரு தேதி தப்பாக அச்சாகிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அடுத்த லோடில் திருத்தி அனுப்பிவிடுவோம், பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்வோம் என்றேன். அவர் தலையாட்டினார். "இங்கன திரும்ப வாங்க முடியாது பாத்துக்கோங்க. கை போச்சுன்னா போச்சுதான்" என்றார். அதைப் பயமுறுத்தும் குரலில் சொல்லவில்லை. கடைக்காரர் சரக்கின் விலையைச் சொல்வதுபோல் சொன்னார். வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வந்த வேகத்தில் நான் ஒரு திட்டம் போட்டேன். மையத்தின் பாதுகாப்பு விதிகள் அப்போது ஒரு சிறிய புத்தகமாக இருந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரம் தெரிந்தவன் கண்ணுக்கு அது அநியாயமாகப் பட்டது. வழவழப்பான தாளில் அச்சடித்து நல்ல விலை வைக்கலாம், ஒவ்வொரு வருஷமும் ஒரு திருத்தம் செய்து புதுப் பதிப்பு போட்டால் ஒவ்வொரு வருஷமும் வாங்கியாக வேண்டும் என்று விளக்கினேன். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னை ஒரு ஆலைக்கு அழைத்துப் போனார். பட்டாசுக்குள் மருந்து செலுத்தும் அறை ஒன்றின் வாசலில், நம் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு பக்கம் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், பெட்டியை இழுக்கக் கூடாது தூக்கத்தான் வேண்டும், கலந்த மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்று சொல்லும் பக்கம். ஓரங்களில் கைப்பட்டுக் கறுத்திருந்தது. விலை வைத்தால் இது முதலாளியின் மேசைக்குள் போய்விடும் என்றார் சிஸ்டர். திரும்பி வரும் வழியில் பேருந்தில், வருஷாவருஷம் திருத்த வேண்டிய விதியை ஏன் இந்த வருஷம் தப்பாக எழுதினோம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டார்.

இதைப் படித்துவிட்டு அவரைக் காசே வேண்டாம் என்கிற துறவி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விதிகள் இலவசம் என்று முடிவு செய்த அதே வாரம், விதிகளைச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி வகுப்புக்கு நான் வைத்திருந்த கட்டணத்தைப் பார்த்து, இது குறைவு என்று ஏற்றிவிட்டார். பயிற்சிக்கு வரும் ஆலைகள் மதியச் சாப்பாட்டையும் அவர்களே கொண்டு வர வேண்டும் என்று சேர்த்தார். இருக்கை வாடகைக்குக் கொடுக்கிற ஆளோடு அவர் பேரம் பேசுவதைக் கேட்டு, மண்டியில் பிறந்த நானே வாயடைத்து நின்றிருக்கிறேன். ஆய்வுக் கட்டணத்தில் மட்டும் ஒரு பிடிவாதம் இருந்தது. கட்டணம் முன்னாடியே வந்துவிட வேண்டும். தேறினாலும் அதே கட்டணம், தேறாவிட்டாலும் அதே கட்டணம். ஆய்வுக்குப் போகிறவருக்கு அந்த ஆலை பெரிய உறுப்பினரா, சின்ன உறுப்பினரா என்று தெரியவே கூடாது. "காசு வேண்டாம்னு எப்பச் சொன்னேன்? காசு வரணும். வந்த வழி எனக்குத் தெரியணும், அம்புட்டுத்தான்" என்பார்.

அவரோடு நான் போட்ட பெரிய சண்டை, முத்திரைக் கட்டணம் பற்றியது. வருஷத்துக்கு ஒரு கட்டணம் வாங்குவதற்குப் பதிலாக, முத்திரை அச்சடித்த ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறு தொகை வாங்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். பெரிய ஆலை அதிகம் கொடுக்கும், சின்ன ஆலை குறைவாகக் கொடுக்கும், நியாயமாகவும் இருக்கும். சீசனில் நமக்கும் கொட்டும். நிர்வாகக் குழுவில் பாதிப்பேர் மயங்கிவிட்டார்கள். சிஸ்டர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். ஒரு ஆலையின் பெட்டி அதிகம் விற்க விற்க நமக்கு வருமானம் என்றால், அந்த ஆலையின் பட்டாசில் ஒரு குறை கண்ணில் படும்போது நம் கண் அதைப் பார்க்குமா, பார்த்தாலும் சொல்லுமா. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "வாங்கிட்ட பிறகு, 'உங்க சரக்கு தேறல'ன்னு சொல்ல நமக்கு வாய் வருமா மண்டிக்காரரே? அதை மட்டும் யோசிங்க" என்றார்.

எனக்கு ஆத்திரம். சம்பளத்துக்கு வழி செய்ய என்னைக் கூப்பிட்டுவிட்டு, நான் கொண்டு வரும் வழியையெல்லாம் அடைத்தால் எப்படி என்று கத்திவிட்டேன். சில நாள் அவரிடம் நேரில் பேசாமல், சொல்ல வேண்டியதை அந்தோணியிடம் சொல்லி அனுப்பினேன். அவரும் விடவில்லை. என் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டே, மண்டிக்காரர் சாப்பிட்டாரா என்று அந்தோணியிடம் கேட்டு வரச் சொல்வார். அந்தோணி இரண்டு மேசைக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிவார். திட்டம் நின்றுபோனது, ஆனால் அந்தச் சண்டை எப்படி முடிந்தது என்று யோசித்தால் நினைவு வரவில்லை. எங்களில் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

எல்லா விஷயத்திலும் அவர் பக்கம் நின்றேன் என்று சொன்னால் பொய். மல்லாங்கிணறு பக்கம் கணவனும் மனைவியுமாக நடத்திய சின்னத் தீப்பெட்டி யூனிட் ஒன்று இருந்தது. குச்சி உலரும் இடமும் பெட்டிகளைக் கட்டுக் கட்டும் இடமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. சுவர் எழுப்ப சீசன் முடியும் வரை தவணை கேட்டார்கள். சிஸ்டர் கொடுக்கவில்லை. முத்திரை இல்லாமல் ஆர்டர் போய், யூனிட்டை மூடிவிட்டார்கள். அந்த அம்மா இன்றைக்கும் என்னைச் சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்தக் கூரைக்குக் கீழே ஏதாவது நடந்திருந்தால் என்ன என்பது சிஸ்டரின் பதில். அது சரியான பதில்தான். ஆனாலும் கொஞ்சம் தவணை கொடுத்திருக்கலாம் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. அவரிடமே இதைச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அந்தப் பரிசுப் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் தீபாவளி வந்தால் ஆலைக்காரர்கள் வேண்டியவர்களுக்கெல்லாம் பட்டாசுப் பெட்டி அனுப்புவார்கள். டாக்டர், வங்கி மேனேஜர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், தபால்காரர் வரைக்கும் பெட்டி போகும். பெட்டி வராவிட்டால், என்ன கோபமோ என்று வீட்டில் பேசுவார்கள். அனுப்பிய பெட்டியைத் திருப்பி அனுப்பினால் அது பகை. நம் மையத்துக்கும் லாரி பிடிக்கிற அளவுக்குப் பெட்டிகள் வந்து இறங்கின. பட்டாசைச் சோதிக்கிற இடத்துக்கே பட்டாசைப் பரிசாக அனுப்புகிறோமே என்று அனுப்பிய யாருக்கும் தோன்றவில்லை. அதில் கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம்தான். சிஸ்டர் பொறுப்புக்கு வந்த முதல் தீபாவளிக்கு அந்தப் பெட்டிகள் அலுவலக வராந்தாவில் அடுக்கியிருந்தன. ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகக் காத்திருந்தார்கள். திருப்பி அனுப்பவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. அவர் வராந்தாவில் நின்று கொஞ்ச நேரம் பெட்டிகளையே பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் களத்துக்குக் கொண்டு போகச் சொன்னார்.

களத்தில் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்து, ஒவ்வொரு ரகத்திலும் சிலவற்றை முறைப்படி கொளுத்திப் பார்த்தார்கள். திரி பற்ற வைத்தவர் விலகிப் போக நேரம் கொடுக்கிறதா, பூச்சட்டி கவிழாமல் நிற்கிறதா, சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் சுற்றுகிறதா என்று பார்த்து எழுதினார்கள். பெட்டி அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தீபாவளி வாழ்த்தும் நன்றியும் சொல்லி, அதே தாளில் சோதனை முடிவையும் சேர்த்து அனுப்பினார் சிஸ்டர். சிவகாசி வட்டாரமே சிரித்தது. கல்யாண வீட்டில் மொய் எழுதினால் ரூபாய் நோட்டு நல்ல நோட்டா என்று சோதித்து ரசீது கொடுக்கிற கதை என்று ஒருவர் சொன்னார். ஊழியர்கள் வீட்டில் கோபம். ஆகவே மறுநாள் சிஸ்டர் தன் கைக்காசில் கடைக்குப் போய் எல்லார் வீட்டுக்கும் பட்டாசு வாங்கி வந்தார். கடையில் விலை குறைத்துத் தருகிறோம் என்றதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் இதுவே வழக்கமாயிற்று. ஆலைக்காரர்களும் சுதாரித்துக்கொண்டார்கள். மையத்துக்கு அனுப்பும் பெட்டியைத் தனியாகப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்கள்.

அப்படிக் கட்ட மறந்த ஒரு வருஷம்தான் நம் மையம் ஏறத்தாழ மூடிவிடும் நிலைக்கு வந்தது. நம் உறுப்பினர்களில் மிகப் பெரிய ஆலை அது. முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படியே எழுதுகிறேன். சீசன் நெருக்கடியில் அவருடைய பேக்கிங் ஆட்கள், நமக்கென்று எடுத்து வைத்த பெட்டியை விட்டுவிட்டு, வடக்கே போகவிருந்த லோடிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தோணி அதில் ஒரு ரகத்தைக் கொளுத்தினார். திரி பற்றிய வேகத்தில் கையை எடுப்பதற்குள் பொறி பாய்ந்தது. அவர் பழகிய ஆள் என்பதால் தப்பினார். இன்னொன்றையும் கொளுத்தினார். அதுவும் அப்படியே.

பரிசுப் பெட்டியை மட்டும் வைத்து முத்திரையைப் பறிக்க சிஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அது அண்ணாச்சிக்குச் செய்யும் அநியாயம் என்றார். அன்றே ஆய்வாளரை ஆலைக்கு அனுப்பி, லோடிலிருந்து முறைப்படி சாம்பிள் எடுத்து வரச் சொன்னார். அதுவும் தேறவில்லை. அந்த ரகத்துக்கு முத்திரையை நிறுத்தி வைத்தார்.

அண்ணாச்சி நேரில் வந்துவிட்டார். நான் அந்த அறையில் இருந்தேன். அவர் கத்தவில்லை, அவருக்கு மனம் புண்பட்டிருந்தது, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சீசன் முடியட்டும், திரியை மாற்றிவிடுகிறேன், இப்போது லோடு நின்றால் எனக்கு மட்டும் நஷ்டமில்லை, கூலி வாங்குகிற எத்தனையோ வீடு இருக்கிறது என்றார். அதில் பொய் இல்லை. நம் மையத்துக்குப் பெரிய பங்கு வருமானம் தன் ஆலையிலிருந்து வருகிறது என்பதையும், நாம் கட்டிக்கொண்டிருந்த சோதனைக் கூடத்துக்குத் தன் நண்பர்கள் ஒத்துக்கொண்ட நன்கொடையையும் அவர் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கடைசியில் எழுந்துகொண்டே, "பிரியமாக் கொடுத்ததைக் கொளுத்திப் பாத்துக் குத்தம் சொல்றது எந்த ஊர் முறை சிஸ்டர்?" என்று கேட்டார்.

சிஸ்டரும் எழுந்தார். "பிரியமாக் கொடுத்ததே இப்படி இருந்தா, விலைக்குக் கொடுக்கிறது எப்படி இருக்கும் அண்ணாச்சி?" என்றார். பிறகு, அண்ணாச்சி தேநீர் குடிக்காமலே போகிறாரே என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அந்த ஆலை உறுப்பினர் பதவியை விட்டது. கூடவே அவருடைய சொந்தக்காரர்களின் ஆலைகளும் போயின. நன்கொடை நின்றது. சோதனைக் கூடத்துக்கு எழுப்பிய தூண்கள் கம்பியை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றன, அஸ்திவாரத் தளத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் நிலக்கடலை காயப்போட ஆரம்பித்தார். சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நிர்வாகக் குழுவில் சிஸ்டரைப் போகச் சொல்லலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. நானும் பயந்துபோயிருந்தேன். ஒருநாள் அவரிடம், நாம் மூடிவிட்டால் அப்புறம் யாருடைய திரியை யார் சோதிப்பார்கள், கொஞ்சம் வளைந்து கொடுத்தாவது மையத்தைக் காப்பாற்ற வேண்டாமா என்று கேட்டேன். அவருக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. ஆஸ்பத்திரி வேலையைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அன்று மட்டும்தான். "வார்டுல வந்து படுத்த பிறகுதான் நாங்க பாப்போம். அங்கன எம்புட்டுப் பாத்தும் பத்தலை. வர்றதுக்கு முன்னாடி பாக்க ஒரு ஆள் வேணும்னுதான் இங்க வந்தேன். இங்கயும் பாக்காம இருக்கணும்னா நான் அங்கனயே இருந்திருக்கலாமே" என்றார்.

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஆலைகளிடம் கேட்டது போதும், முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர்களைப் போய்ப் பார்ப்போம் என்றார். மொத்த வியாபாரிகள், கடைக்காரர் சங்கங்கள், கோயில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை எடுத்து நடத்துபவர்கள் என்று ஊர் ஊராகப் போனோம். போன இடமெல்லாம் ஆச்சரியமாக ஒன்று நடந்தது. நாங்கள் சொல்வதற்கு முன்பே செய்தி அங்கே போயிருந்தது. அவ்வளவு பெரிய ஆலைக்கே முத்திரையை நிறுத்தினார்களாமே என்று கேட்டார்கள். மெல்ல மெல்ல, முத்திரை இருக்கிறதா என்று கேட்டு ஆர்டர் போட ஆரம்பித்தார்கள். முத்திரைக்காகச் சின்ன ஆலைகள் வந்தன, பயிற்சிக்கு ஆட்கள் வந்தார்கள். ஒரே சீசனில் எல்லாம் சரியாகிவிடவில்லை. போனவர்களில் சிலர் திரும்பவே இல்லை. ஆனால் சம்பளம் சரியான நாளில் வர ஆரம்பித்தது. நான் போட்ட எந்தத் திட்டமும் கொண்டு வராத வருமானம் அது. விளம்பரத்துக்காக இந்தக் கதையை ஒரு துண்டுத்தாளில் அச்சடிக்கலாம் என்று ஆசையாகக் கொண்டு போனேன். சிஸ்டர் தாளை மடித்து என் சட்டைப்பையிலேயே வைத்தார். அண்ணாச்சியின் தப்பை விற்றுச் சம்பாதிக்க வேண்டாம் என்றார்.

அண்ணாச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் திரியை மாற்றி, கட்டணம் கட்டி, ஆய்வுக்கு நின்று, முத்திரையைத் திரும்ப வாங்கினார். அந்தத் தீபாவளிக்கு அவரிடமிருந்து பெட்டி வந்தது. மேலே அவர் கைப்பட, லோடில் இருந்துதான் எடுத்தது, சோதித்து அனுப்பவும் என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு தீபாவளியும் தவறவில்லை. சிஸ்டரின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில், எல்லாரும் போன பிறகும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். என்னைக் கூப்பிட்டு, அந்தச் சோதனைக் கூடத்தை சிஸ்டர் பெயரில் முழுக்கத் தன் செலவில் கட்டித் தருவதாகச் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். அவர் மனதில் எந்தக் கணக்கும் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. சிஸ்டருக்குப் பிறகு செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. வாடகைக்கு எடுத்த பழைய தீப்பெட்டிக் கிடங்கில்தான் இன்னும் சோதனை நடக்கிறது, மழை பெய்தால் கருவிகளுக்குத் தார்ப்பாய் போடுகிறோம். வாசலில் அவர் பெயரைப் பொறித்த ஒரு கூடம், உள்ளே நல்ல கருவிகள். இதைவிட நல்ல அஞ்சலி வேறு என்ன இருக்க முடியும் என்று நிர்வாகக் குழுவும் சொன்னது. உங்களில் பலரும் போன் செய்து, ஏன் தாமதிக்கிறீர்கள் என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் தீபாவளி வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பெட்டிகள் வந்தன. அண்ணாச்சியின் பெட்டியில் சிஸ்டர் பெயர்தான் எழுதியிருந்தது, அவர் பெயரை மாற்ற அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை போல. அந்தோணி அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்த வருஷம் மட்டும் இதை அப்படியே வைத்துவிடலாமா என்று கேட்டார். வைத்துவிடலாம் என்று என் வாய் வரைக்கும் வந்தது. கொளுத்திப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நானும் களத்துக்குப் போனேன். எல்லாம் தேறின, தரைச்சக்கரம் தவிர. அது சுற்றத் தொடங்கியதும் தரையை விட்டுத் துள்ளி, பக்கவாட்டில் பாய்ந்தது. இன்னும் சிலவற்றைப் போட்டுப் பார்த்தோம். பாதி துள்ளின.

சிஸ்டர் இருந்தால் செய்திருக்கும் வரிசையிலேயே செய்தேன். ஆய்வாளரை ஆலைக்கு அனுப்பினேன், சாம்பிளும் தேறவில்லை என்று உறுதியானதும் அண்ணாச்சிக்கு போன் செய்தேன். முதலில் சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு, கூடத்துக்கு அவர் பணம் வேண்டாம் என்று சொன்னேன். சிஸ்டர் பெயரைப் பொறித்த கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, அதைக் கட்டிக் கொடுத்தவரின் சரக்கு தேறவில்லை என்று எழுத முடியாமல் போகிற ஒரு நாள் வந்துவிட்டால், அந்தப் பெயர் வாசலில் இருந்து என்ன பயன் என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் லாரி என்ஜின் ஓடிக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு அண்ணாச்சி அங்கிருந்த யாரிடமோ ஏதோ சொன்னார், என்ஜின் நின்றது. மறுபடி போனுக்கு வந்து, "கடைசி லோடு. ஏத்திக்கிட்டு இருந்தாக. சக்கரத்தை இறக்கச் சொல்லிட்டேன்" என்றார். கட்டடத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. சாப்பிட்டீகளா என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

ஆகவே நண்பர்களே, ஞானசுந்தரி சிஸ்டர் பெயரில் கட்டடம் எதுவும் வராது. தூண்கள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், ஆய்வுக் கட்டணத்திலும் பயிற்சிக் கட்டணத்திலும் மிஞ்சுவதைப் போட்டு நாமே மெதுவாகக் கட்டிக்கொள்வோம். அதுவரை நிலக்கடலை காயட்டும். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, முத்திரைக் கட்டணச் சண்டையில் அவர் என்னைக் கேட்ட அந்த ஒரே ஒரு கேள்வி. இனிமேல் யார் எவ்வளவு நல்ல மனதோடு எதைக் கொண்டு வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பேன். இந்த ஐப்பசியில் முதல் தடவையாக அதை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். பயந்துகொண்டுதான் கேட்டேன். ஆனாலும் சொல்ல வாய் வந்தது, சிஸ்டர்.